மூச்சு விடாத டிஸ்க்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுக் கை ஈரம்கூடக் காயவில்லை, அண்ணன் தன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவுகளைத் திறப்பதுதான் அவன் பிழைப்பு. அவனே ஒரு கதவைச் சாத்துகிறான் என்றால் விஷயம் பெரிது.

பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேஜை மேல், எழுதிக்கொண்டிருந்த தாள்களின் மேலேயே வைத்தான். பழைய ஹார்டு டிஸ்க். செங்கல் மாதிரி கனம்.

"உங்க அண்ணி மெஷின்ல இருந்தது. செத்துப்போச்சு. வேற ஒண்ணு வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். அவகிட்ட மூச்சு விடல."

இன்று நாலு மணிக்கு அந்த இயந்திரத்தின், அதாவது தன் பழைய கணினியின், மூடியை இணைய நேரலையில் திறந்து காட்டப்போகிறார் அண்ணி. அது எனக்கும் தெரியும், வீட்டுக்கே தெரியும். அதற்குள் போய்ச் சொல்லிவிடு என்றேன்.

"நான் எங்க சொல்றது. நீதான் கதை எழுதுறவன். பக்குவமா எடுத்துச் சொல்லு."

கதை எழுதுகிறவனுக்குப் பக்குவம் தெரியும் என்பது, கதையே படிக்காதவர்களிடம் மட்டும் இருக்கும் நம்பிக்கை. எனக்கு நேரில் சொல்ல வாய் வராது. எழுதிப் பார்த்தால் எப்படிச் சொல்வது என்று பிடிபடும் என்று உட்கார்ந்தேன். நீங்கள் படிப்பது அந்த எழுதிப் பார்த்தலைத்தான்.

[‘மூச்சு விடல’ என்ற சொல்லைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் யோசிக்காமல் சொன்னது. நானாக இருந்தால் அதற்கு அரை நாள் உட்கார்ந்திருப்பேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: "பூனைக்காது என்று உலகம் அறிந்த அந்தப் பெண்மணி, கறுப்புத் திரையின் முன்—"

அடித்துவிட்டேன். உலகம் அறியாது. அறிந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரு பேருந்தில் ஏற்றினால் எல்லோருக்கும் ஜன்னல் இருக்கை கிடைக்கும்.

இரண்டாவது முயற்சி: "அன்பினால் சொல்லப்படும் பொய்கள் எல்லாம்—"

இதுவும் வேண்டாம். காலண்டர் தாளில் அச்சடிக்கும் வாசகம். அண்ணி முதல் வரியிலேயே கீழே வைத்துவிடுவார்.

சரி, உள்ளதை உள்ளபடி. அண்ணிக்கு ஒரு கிறுக்கு உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கணினி விளையாட்டு ஒன்றை முடிந்த அளவு சீக்கிரமாக ஓடி முடிப்பது. ஸ்பீட்ரன் என்பார்கள். குல்லா போட்ட குட்டி மனிதன் ஒருவன் நிலவறைக்குள் ஓடுவான். சாவி எடுப்பான், கதவு திறப்பான், வௌவால் வந்தால் குனிவான். அவ்வளவுதான். (உங்கள் கதைகளைவிட இதில் சம்பவம் அதிகம் என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார்.)

இன்றைய கணினியில் எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டால் அது பழைய கணினி மாதிரியே நடிக்கும். விளையாட்டும் அதை நம்பி ஓடும். உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் ஆடுகிறார்கள். அண்ணி சேர்ந்திருக்கும் இணையக் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது. அசல் இயந்திரம், அசல் திரை, அசல் டிஸ்க். அதற்கென்று தனிப் பட்டியல், தனி நடுவர். ஓடினால் மட்டும் போதாது, ஓடியதற்குச் சாட்சி வேண்டும். திரைக்குப் போகும் கேபிளை இரண்டாகப் பிரித்து ஒன்றைத் திரைக்கும் மற்றதைப் பதிவு செய்யும் பெட்டிக்கும் கொடுக்க வேண்டும். கைகளும் கேபினெட்டும் தெரிகிற மாதிரி ஒரு கேமரா. டிஸ்க்கின் சத்தம் விழ ஒரு மைக்.

டிஸ்க் சத்தம் எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விளையாட்டில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் இயந்திரம் அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வேண்டும். அப்போது டிஸ்க் ‘டக் டக் டக்’ என்று எதையோ மெல்லும். கடைசி ‘டக்’ விழுகிற அதே கணத்தில் தாவும் பொத்தானை அழுத்தினால், குட்டி மனிதன் சுவருக்குள் புகுந்து அடுத்த நிலவறையையே தாண்டிவிடுவான். விளையாட்டை எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை. திரை அந்த நேரம் வெறும் கறுப்பாக இருக்கும், அதனால் பார்த்துப் பிடிக்க முடியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். அண்ணி பிடிப்பார். அதற்காக அந்தக் கூட்டம் வைத்த பெயர்தான் பூனைக்காது.

[அண்ணியின் உத்தியோகம் காது சோதிப்பது. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டால் கை தூக்கச் சொல்வார். இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் ஏதாவதொரு பத்திரிகை ஆசிரியர் "ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, மாற்றுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.]

3

போன மழைக்காலத்தில் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்தது. அண்ணிக்குத்தான் முதலில் கேட்டது, எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே, இது நின்றுபோனால் தானும் நிறுத்திவிடுவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். வேறு டிஸ்க் என்றால் வேறு சத்தம், முதலிலிருந்து பழகத் தெம்பில்லை என்று.

அண்ணி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அண்ணன் மூடியைக் கழற்றினான். சாகக் கிடந்த டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் பாதித் தீப்பெட்டி அளவுள்ள மெமரி கார்டு ஒன்றில் ஏற்றி, டிஸ்க் இருந்த இடத்தில் அதை மாட்டினான். கார்டு சுற்றாது, மெல்லாது, ஊமை. ஊமையை அண்ணி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே பழைய லிஃப்ட் பேனலிலிருந்து கழற்றிய ரிலே ஒன்றைத் தேடி எடுத்தான். மின்சாரம் வந்தால் ‘டக்’ என்று ஒட்டிக்கொள்ளும் சின்னப் பொருள் அது. அதைக் கேபினெட்டின் முகப்பில் மினுக்கும் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிட்டான். இயந்திரம் கார்டைத் தொடும்போதெல்லாம் விளக்கு மினுக்கும், ரிலே ‘டக்’ என்னும்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடத்தான் நினைத்தானாம். அண்ணி வந்தார், உட்கார்ந்தார், முதல் கதவைத் திறந்தார். திரும்பி அவனைப் பார்த்து, "தொண்டைக்கட்டு விட்ட மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க?" என்றார்.

"தூசி தட்டினேன்."

மலர்ந்திருந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை என்கிறான். எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் சாதனை வந்தது. பல வருடம் முதலிடத்தில் குந்தியிருந்த ‘ஆமை’ என்ற ஆளைத் தாண்டி அண்ணி மேலே போனார். கார்டு, டிஸ்க்கைவிடச் சீக்கிரம் அறைகளைக் கொண்டுவந்து கொடுக்கும். ஒவ்வொரு கதவிலும் ஒரு துளி நேரம் மிச்சம். துளித்துளியாகச் சேர்ந்தது ஆமையைத் தாண்டப் போதுமானதாக இருந்தது. கார்டு போட்ட இயந்திரங்களுக்கு வேறு பட்டியல் உண்டு. அதில் அண்ணியின் நேரம் முதலிடம் இல்லை. இந்த விதியெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது. "ஓடுறது அவதானேடா, டிஸ்க்கா ஓடுது?" என்று என்னையே கேட்டான். டிஸ்க்கும்தான் ஓடுகிறது என்றேன்.

ஆமை ரொம்பப் பொறுமையாக அந்தப் பதிவைப் பலமுறை கேட்டிருக்கிறார். பிறகு நடுவருக்கு மரியாதையாக ஒரு சந்தேகம் எழுதினார். அசல் டிஸ்க் மெல்லாத நேரத்திலும் ‘ஊய்ங்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பூனைக்காதின் பதிவில் மெல்லுகிற சத்தம் இருக்கிறது, மூச்சுச் சத்தத்தைக் காணோம் என்று. ‘டக்’கைச் செய்த அண்ணன் மூச்சைச் செய்ய மறந்துவிட்டான்.

அண்ணி எல்லோரும் பார்க்கும்படி பதில் போட்டார்: மைக் தள்ளி இருந்தது. நம்பிக்கை இல்லையென்றால் சொல்லுங்கள், மூடியை நேரலையில் திறந்து காட்டுகிறேன். என் இயந்திரம் அசல், என் வார்த்தையும் அசல்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நடுவர் சரி என்று நாளும் நேரமும் குறித்துவிட்டார். இன்று நாலு மணி.

4

எழுதி எழுதிப் பிடிபடாமல், நேரில் கொஞ்சம் ஆழம் பார்க்கலாம் என்று கீழே இறங்கினேன்.

ஜன்னலில் கறுப்புத் துணி. திரையில் வெளிச்சம் பட்டு மின்னக்கூடாது என்பதற்காக. பட்டப்பகலில் அந்த அறை மட்டும் இருட்டு. அண்ணி, கேபினெட்டின் மஞ்சளாகப் பழுத்த மூடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முகப்பில் இருக்கும், கணினியின் வேகத்தை மாற்றும் டர்போ பொத்தானின் மேல் தவறி விரல் படாமல் இருக்கப் பழைய பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. மேஜை ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர். மைக் இந்த முறை கேபினெட்டை ஒட்டியே நின்றது.

"வாங்க கொழுந்தனாரே. கதை ஓடுதா?"

நொண்டுகிறது என்றேன். கேமராவைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். கேமராவில் பார்த்தால் திரையின் மேல் ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு சக்கரத்தைத் திருகி அதை நிறுத்தினார்.

உள்ளே ஒருவேளை ஏதாவது வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அண்ணி திரும்பவில்லை. வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று கேட்டார். சும்மா, கதைக்காகக் கேட்டேன் என்று வழிந்தேன். துணியை மடித்து வைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் அவருடைய வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"டெஸ்ட்டுக்கு வர்றவங்கள்ல சில பேரு, நான் சத்தமே குடுத்திருக்க மாட்டேன், கை தூக்குவாங்க. பயத்துல. அவங்களைச் சுலபமா கண்டுபிடிச்சிடலாம். இன்னும் சில பேரு இருக்காங்க. நல்லாக் கேட்டிருக்கும், தூக்க மாட்டாங்க."

"ஏன் அண்ணி?"

"அது அவங்கவங்க வீட்டு விஷயம். நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போவேன். எப்பவாவது தூக்கித்தானே ஆகணும்."

பிறகு டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

[மேலே உள்ள பேச்சில் நான் ஓர் எழுத்தும் சேர்க்கவில்லை. இப்படிச் சத்தியம் செய்யும் கதைசொல்லிகளை நான் நம்புவதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.]

5

இப்போது ஒரு சிக்கல். இந்தக் கதையில் அண்ணி என்ற பாத்திரம் நிற்க மாட்டேன் என்கிறது.

மற்றவர் காதுக்கு எட்டாத கரகரப்பை முதலில் கேட்டவர் அவர். கடைசி ‘டக்’கின் விளிம்பில் பொத்தானை அழுத்துபவர். பிழைப்பே காதுதான். அப்படிப்பட்டவர் ஒரு லிஃப்ட் ரிலேயை டிஸ்க் என்று நம்பினார் என்று நான் எழுதினால், நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்பீர்கள். ரிலே எப்போதும் ஒரே கனத்தில்தான் தட்டும். டிஸ்க் அப்படியா? சலித்துக்கொள்ளும், தயங்கும், திடீரென்று அவசரப்படும். மூச்சு நின்றுபோனது ஆமைக்குக் கேட்டது, பூனைக்குக் கேட்கவில்லையாமா?

அப்படியானால் தெரியும். முதல் நாளிலிருந்தே. ‘தொண்டைக்கட்டு விட்ட மாதிரி’ என்றது அண்ணனைச் சொல்ல வைப்பதற்கு. அவன் தூசி என்றான். அவன் ஆசையாகச் செய்ததைப் போட்டு உடைக்க மனம் வராமல் இவரும் விட்டுவிட்டார். பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பழைய பதிவுகளிலெல்லாம் கேபினெட்டை முத்தமிட்டுக்கொண்டிருக்கும் மைக், சாதனைப் பதிவில் மட்டும் கீபோர்டுப் பக்கம் தள்ளி நிற்கிறது. நகர்த்தியது யார்?

இது உண்மையானால் அண்ணி பொய்யர். ஊரறிய ‘என் வார்த்தையும் அசல்’ என்று எழுதிய பொய்யர். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் தெரிந்தவர் எதற்கு மூடியைத் திறக்கிறேன் என்று தானே போய்ச் சொல்ல வேண்டும்? யாரும் கேட்கவில்லையே. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பயமே இல்லாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் தெரியாது.

அல்லது, சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். அண்ணன் கை தூக்கும்வரை.

6

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அண்ணன் அழுதது இதில் இருந்தது.

7

முடிவுகள். கைவசம் இருப்பதையெல்லாம் கடைபரப்புகிறேன்.

அ. அண்ணனின் யோசனை. சற்றுமுன் மறுபடியும் வந்தான். செத்த டிஸ்க்கைக் கேபினெட்டுக்குள் அதன் பழைய இடத்திலேயே திருகிவிடலாம், கார்டை அதற்குப் பின்னால் மறைத்துவிடலாம், மூடியைத் திறந்தால் டிஸ்க்தானே தெரியும் என்றான். "கொஞ்ச நேரம் அவளைக் கிச்சன்ல பேச்சுக் குடுத்துப் பிடிச்சு வை. போதும்." முடியாது என்றேன். நடுவர் பார்ப்பதோடு நிற்க மாட்டார், மின்சாரம் போட்டு மூச்சைக் கேட்கச் சொல்வார் என்றேன். அது உண்மையான காரணம் இல்லை. உண்மையான காரணம், அவன் மறுபடி ஒரு தடவை அண்ணியை ஏமாற்ற நான் வாசலில் காவல் நிற்க மாட்டேன் என்பதுதான். அவன் என் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் செத்த டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டான். "ரெக்கார்டு போனாப் போகட்டும்டா. அத்தனை பேர் பாக்க மூடியைத் திறந்து உள்ள பாப்பா பாரு, அப்போ அவ முகத்தை நான் எப்படிப் பாக்குறது?"

ஆ. அண்ணி திறக்கிறார், பார்க்கிறார், அத்தனை பேர் முன்னால் உறைந்து நிற்கிறார். பொய்க்காரி என்று பட்டியலை விட்டே தூக்குகிறார்கள். இதை எழுத எனக்கு நன்றாக வரும். அதனாலேயே எழுதப்போவதில்லை.

இ. அண்ணி திறக்கிறார், பார்க்கிறார், சிரிக்கிறார், கேமராவைப் பார்த்து "என் வீட்டுக்காரர் எனக்காகச் செய்தது" என்கிறார், எல்லோரும் உருகி— இல்லை. ஆமை பாவம். அவர் நேர்மையாக ஓடிய ஓட்டம் என்ன ஆவது?

ஈ. நாலு மணிக்கு முன்பே அண்ணிக்குத் தெரிகிறது. என்ன செய்வது என்று அவரே

8

முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது.

பக்குவமாகச் சொல்வதற்கு ஒரு வழி தேடித்தான் எழுத உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்தது இந்தத் தாள்கள்தான். ஆகவே இதையே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன், அடித்தது திருத்தியது எல்லாவற்றோடும். இதுவரை கூட வந்த வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் வாசகர் ஒருவர்தான், அவர் கீழ் அறையில் இருக்கிறார். நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவர் அனுமதித்திருக்கிறார் என்று அர்த்தம். அதற்குமேல் எதையும் ஊகிக்க வேண்டாம்.

என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதும் ரிலே வேலைதான். எங்கேயோ ஒரு விளக்கு மினுக்கினால் இங்கே ‘டக்’ என்று தட்டுகிறேன். உள்ளே சுற்றுவது எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்று இத்தனை பக்கம் துருவியும் எனக்குப் பிடிபடவில்லை, அண்ணி.

ஆம், இனி உங்களிடம்தான் பேசுகிறேன். அண்ணன் தூசி தட்டவில்லை. மூடிக்குள் கார்டும் ரிலேயும் இருக்கின்றன. உங்கள் டிஸ்க், துணியில் சுற்றி, இந்தத் தாள்களோடு வருகிறது. சாதனையைத் திருப்பிக் கொடுப்பதோ, மூடியைத் திறப்பதோ, நடுவருக்கு இப்போதே எழுதுவதோ உங்கள் இஷ்டம். நீங்கள் எதைச் செய்தாலும் நான் பக்கத்தில் நின்று கேமராவைப் பிடிப்பேன். உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை, தெரியும், தெரியாது இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் குறையாது. எழுதும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

கேமராவை இன்னும் போடவில்லை. உங்கள் அறைக்கதவு திறந்திருக்கிறது. தாளிலிருந்து தலையைத் தூக்கினால் மாடிப்படி தெரியும். என் கட்டிலை விட்டு இறங்கிப்போய்க் கடைசிப் படியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவன் மூச்சு விடப்போவதில்லை.

இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறீர்கள் என்றால், மூடியைக் கழற்றிப் பார்க்க ஸ்க்ரூடிரைவர் மேஜை ஓரத்தில் இருக்கிறது, ஆத்திரம் தீரும்வரை அவனைத் திட்டலாம், நான் குறுக்கே வர மாட்டேன்.

முன்பே கேட்டிருந்தால், அண்ணி, அவனுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை கை தூக்குங்கள்.